இது அழுததில்லீங்க

குன்னூரில் ஒரு டீ ஃபேக்டரியின் வாசலில் இருக்கும் விற்பனைக் கடையில் நானும் அந்த அக்காவும் பக்கத்துப் பக்கத்துக் கவுன்ட்டரில் நின்றோம். எனக்கு டீத்தூளும் சாக்லேட்டும். அவருக்கு யூகலிப்டஸ் தைலம். சுற்றுலா வேன் வந்து நின்றதும் இறங்குகிற கூட்டம் என்னிடம் இலவச ஏலக்காய் டீயை வாங்கிக் குடித்துவிட்டு, கப்பைக் கண்ட இடத்தில் வைத்துவிட்டு, நேராக அவரிடம் போகும்.

"இதைத் தேய்ச்சா முடி வளருமாங்க?"

"வளராதுங்க. சளிக்கு மட்டுந்தானுங்க."

"மூட்டு வலிக்கு?"

"தேய்க்கறப்ப சூடா இருக்கும், நல்லா இருக்கற மாதிரி தெரியும். அப்பறம் வலி அப்படியேதான் இருக்குங்க."

மேனேஜர் உள்ளே கண்ணாடி அறையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வார். ஒருநாள் கூப்பிட்டே சொன்னார்: "ஏம்மா, வளரும்னு நீ சொல்ல வேண்டாம். வளராதுன்னும் சொல்லாத. சிரிச்சுட்டு நில்லு, போதும்."

"கேட்டா சொல்லோணுமில்லீங்க?" என்றார் அக்கா.

மேனேஜரால் அவரைக் கடையை விட்டு நிறுத்தவும் முடியவில்லை. 'வளராது' என்று கேட்டவர்கள்தான் இரண்டு பாட்டிலாக வாங்கிக்கொண்டு போனார்கள். இவள் பொய் சொல்ல மாட்டாள் என்று தெரிந்துவிட்டதல்லவா, சளிக்கு நல்லது என்பதை நம்பி வாங்கினார்கள். அக்கா வேலையை விட்டு நின்ற பிறகு, இப்போது அந்தக் கவுன்ட்டரில் வேறொரு பெண் நிற்கிறாள். முடி வளரும் என்கிறாள், மூட்டு வலி போகும் என்கிறாள், பாட்டில் அப்படியே அடுக்கில் நிற்கிறது.

என்னிடமும் அப்படித்தான். தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு போய் நின்றால், "இந்த நிறம் உனக்கு எடுக்கல புள்ள" என்பார். நான் இரண்டு நாள் பேச மாட்டேன். அவருக்கு நான் பேசாமல் இருப்பதுகூடத் தெரியாது. என் அம்மா ஊட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எல்லோரும் வந்து, "சரியாயிரும், சரியாயிரும்" என்று ஆப்பிளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்கா வந்து பார்த்துவிட்டு வராந்தாவில் என்னைத் தனியாக இழுத்து, "எனக்கென்னமோ கஷ்டமாத்தான் தெரியுது. லீவு போட்டுட்டு அம்மாகூட இரு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே அறைந்திருப்பேன். ஆனாலும் லீவு போட்டேன். அம்மாவோடு அந்தக் கடைசி வாரம் இருந்தது அதனால்தான்.

அவருடைய முகத்தைச் சொல்ல வேண்டும். நல்ல களையான முகம். ஆனால் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி, குழிக்குள் கருப்பு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். மஞ்சூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்த அவருடைய அப்பாவுக்கும் அப்படியே இருக்குமாம். அக்காவின் வீட்டுக்காரர் எங்கள் ஃபேக்டரிக்குப் பச்சை இலை கொண்டுவரும் லாரியின் டிரைவர். இலையை இறக்கிவிட்டுக் கடைப் பக்கம் வந்தால், "ரெண்டு குழிலயும் தூளப் போட்டு வெந்நீர ஊத்துனா ரெண்டு டீ ரெடிங்க" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்வார். அக்கா சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான். குழந்தை இல்லை. அதைக் கேட்டவர்களிடமும், "இல்லீங்க, பொறக்கல" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலைத் துடைப்பார்.

அந்த வீட்டுக்காரர் லாரியை சர்வீசுக்கு விட மேட்டுப்பாளையம் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டுக்கு நானும் போயிருந்தேன். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. வந்தவர்களுக்குக் காபி போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கணவரின் தங்கை, அந்த நாத்தனார்ப் பெண், அவரைக் கட்டிக்கொண்டு கதறுகிறாள். அவர்கள் இரண்டு பேரும் அப்படி ஒட்டு. வாரத்தில் நாலு நாள் போனில் பேசுவார்கள், என்ன சாம்பார் என்பதில் ஆரம்பித்து. அக்கா அவளை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணி, அழுதுருங்க அண்ணி. ஒரு சொட்டாவது அழுதுருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"வரல அம்மிணி."

"எங்கண்ணனுக்கு அழுகை வரலீங்களா உங்களுக்கு?"

"வந்தா அழுவேன். வரல."

அட, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டால் போதாதா? யார் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கப்போகிறார்கள்? இவருக்கு அது தெரியவில்லை. அந்தப் பெண் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதோடு போன் நின்றது. 'கல்லு' என்று சொந்தக்காரர்கள் பேர் வைத்தார்கள். அக்கா அதையும் என்னிடம் சொன்னார், மழை வருகிறது என்று சொல்வது மாதிரி.

வேலைக்குத் திரும்பி வந்த பிறகு வேறு ஒரு தொல்லை ஆரம்பித்தது. வீட்டுக்காரர் போன சேதி தெரிந்தவர்கள் எல்லாம் அவருடைய கண்ணைப் பார்த்தார்கள். "பாவம், அழுது அழுது கண்ணு உள்ள போயிருச்சு" என்றார்கள். பேக்கிங் பெண்கள் சொன்னார்கள், பஸ் கண்டக்டர் சொன்னார், மேனேஜர்கூட ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "மனசத் தேத்திக்கம்மா" என்றார்.

"இது அழுததில்லீங்க. எங்கப்பாவுக்கும் இப்படித்தான்" என்பார் அக்கா.

யார் நம்பினார்கள்? 'பாவம், மறைக்கிறா' என்று அதற்கும் ஒரு உச்சுக் கொட்டினார்கள். ஆளுக்கு ஆள் திருத்தித் திருத்தி அக்கா அலுத்துப்போனார். ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்சைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"என்ற வாய் நெசம் சொல்லுது, என்ற மூஞ்சி பொய் சொல்லுது புள்ள. மூஞ்சியத்தான் எல்லாரும் நம்பறாங்க. இத நிறுத்தோணும்."

கண்ணுக்குக் கீழே ஊசி போட்டுக் குழியை நிரப்புகிறார்கள் என்று யாரோ சுற்றுலா வந்த பெண் சொல்லியிருக்கிறாள். கோயமுத்தூரில் ஒரு கிளினிக். துணைக்கு நான் போனேன். டாக்டர் சின்னப் பெண். உட்கார்ந்ததுமே அக்கா, "அழகாகோணும்னு வரலீங்க" என்று ஆரம்பித்து, செத்த வீடு, குழி, மூஞ்சி சொல்லும் பொய் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அந்தப் பெண் சிரிப்பதா, கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். மரத்துப்போவதற்கு ஒரு கிரீம் தடவி, கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாடி மாதிரி இருந்த ஜெல்லை ஊசியில் ஏற்றினாள். பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம், அதற்கும் ஊசி இருக்கிறது என்றாள். பிறகு வாசல்வரை வந்து படித்துப் படித்துச் சொன்னாள்: தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, சூடு காட்டக் கூடாது, ஆவி பிடிக்கக் கூடாது.

குழி போய்விட்டது. நிஜமாகவே போய்விட்டது. சில நாள் ஒருவரும் அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாக்லேட் அடுக்கியிருந்த கண்ணாடியில் அவர் முகம் தெரியும். அதில் தன்னையே பார்த்துக்கொண்டு, "இப்பச் சரி" என்றார்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. குன்னூரில் மழைக்காலத்தில் ஆவி பிடிக்காதே என்றால் அது நடக்கிற காரியமா? மலையில் பிறந்தவர்களுக்கு மூக்கு ஒழுகினால் கை தானாகத் தைலப் பாட்டிலுக்குப் போகும். அக்காவுக்குச் சளி பிடித்தது. கொதிக்கிற தண்ணீரில் தைலத்தை விட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, வெளியே வந்து மூக்கு, கன்னம், கண்ணுக்குக் கீழே எல்லாம் வழக்கம்போல அழுத்தித் தேய்த்துத் துடைத்திருக்கிறார். டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தபோது முகம் முழுக்கத் தைல வாசனை. ஆவியால் வந்ததோ, ஊசியாலேயே வந்ததோ, இரண்டுமே இருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னாள். எப்படியோ, கட்டி வந்துவிட்டது. இடது கண்ணுக்குக் கீழே ஊறவைத்த பாசிப்பயறு மாதிரி மூன்று நான்கு. வலதில் நீளமாக ஒன்று. காலையில் குளிருக்கு இன்னும் உப்பிக்கொள்ளும்.

உடனே ஊரே டாக்டராகிவிட்டது. பேக்கிங் பெண் ஒருத்தி, "வெதுவெதுன்னு ஒத்தடம் குடுங்க, கரைஞ்சுரும்" என்றாள். இன்னொருத்தி தைலத்தையே தொட்டு உருட்டித் தேய்க்கச் சொன்னாள். இருக்கிற மூளையைக் கழற்றி வைத்துவிட்டு அக்கா இரண்டையும் செய்தார். அடுத்த நாள் வந்தபோது கண் இரண்டும் வீங்கி, இமை தடித்து, கீழே சிவந்து போய் நின்றார். இராப் பகலாக ஒரு வாரம் அழுத முகம் அப்படித்தான் இருக்கும்.

"கட்டிமேல தைலம் போட்டீங்களாக்கா?"

"இல்ல."

பக்கத்தில் நிற்கிற எனக்கு மூக்கு இல்லையா? வாசனை ஆளைத் தூக்கியது. அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது. அன்று மத்தியானம் ஒரு சுற்றுலாக்காரி, "கண்ணுக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டதற்கு, "பூச்சி கடிச்சிருச்சுங்க" என்றார். மேனேஜரிடம், "சளிங்க" என்றார்.

"ஏனக்கா பொய் சொல்றீங்க?" என்று கேட்டேன். எனக்கு உள்ளே என்னவோ பயமாக இருந்தது.

"தெரியல புள்ள. சொன்னா நம்ப மாட்டாங்கன்னு ஆயிப்போச்சு."

கிளினிக்குக்குப் போன் செய்தேன். கையே வைக்க வேண்டாம், கரைத்துவிடலாம், உடனே வாருங்கள் என்றாள் டாக்டர். எதற்கும் கேட்டுக்கொள்கிறேன் என்று, "தேனீ கொட்டி எப்பவாவது ரொம்ப வீங்கியிருக்கா?" என்றாள். அக்காவுக்கு வீங்கியிருந்தது. சின்னப் பெண்ணாக இருந்தபோது எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்துத் தேன்கூடு கலைந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர். அப்படியானால் கரைக்கிற மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கையில் ஒரு துளி போட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்தில் பெரிய டாக்டர் இருக்கிற நாளில்தான் செய்ய வேண்டும் என்றாள். அவள் சொன்ன நாள் வீட்டுக்காரரின் வருஷத் திதிக்கு அடுத்த வாரம் வந்தது.

ஆக, வருஷத் திதிக்கு அந்த முகத்தோடுதான் நிற்க வேண்டும் என்றாகிவிட்டது.

மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். நான் சமையலுக்குக் கூடமாட இருந்தேன். அக்கா வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்றார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியாக இறங்கினாள் அந்த நாத்தனார். ஒரு வருஷமாகப் பேசாதவள். படியேறி வந்து நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே நின்றாள். பிறகு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"அண்ணி! இப்படி அழுது அழுதா உங்க கண்ணக் கெடுத்துக்கிட்டீங்க! நாந்தான் பாவி. உங்களப் போயிக் கல்லுன்னு நெனச்சுட்டனே அண்ணி!"

பின்னால் நின்ற பெண்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சினார்கள். "உள்ளயே வெச்சுப் பொங்கியிருக்குது" என்றார் ஒரு பெரியம்மா.

நான் கரண்டியும் கையுமாகக் கதவருகில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரியும், அக்கா இப்போது வாயைத் திறப்பார் என்று. திறக்காதே, திறக்காதே என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஊருக்கு உலகத்துக்குப் பூச்சி என்றும் சளி என்றும் சொன்னாயே, இதற்கு ஒன்றுமே சொல்ல வேண்டாம் தாயே, சும்மா மட்டும் நில்.

சும்மாதான் நின்றார். படையல் போட்டார்கள். அண்ணனுக்குப் பிடித்த பருப்பு வடையை நாத்தனார் தன் கையால் இலையில் வைத்தாள். சாப்பாட்டுக்கு அக்காவைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள். "ரசம் ஊத்திக்கங்க அண்ணி, ஆளே பாதியாயிட்டீங்க" என்றாள். போன் நம்பர் மாறியதைச் சொன்னாள். பையன் ஹாஸ்டலில் சேர்ந்ததைச் சொன்னாள். அக்கா, "அப்படியா அம்மிணி, அப்படியா அம்மிணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வீக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவளுடைய கையை அவர் விடவில்லை. அதைப் பார்த்தேன்.

வேன் கிளம்பும் நேரம். எல்லோரும் ஏறிவிட்டார்கள். நாத்தனார் மட்டும் திரும்பி வந்து, அக்காவின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, அந்தக் கட்டியின் மேலே கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள்.

"இனி அழுவாதீங்க அண்ணி. எங்கண்ணன் பாத்துட்டே இருக்கும், அதுக்குத் தாங்காது."

நான் பின்னாலிருந்து அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன்.

"அம்மிணி," என்றார் அக்கா. "இது அழுததில்ல. கண்ணுக்குக் கீழ குழி போகறதுக்கு ஊசி போட்டேன். அது கட்டி கட்டிக்கிச்சு. நான் அழுவல. இன்னும் வரல."

நாத்தனாரின் கை முகத்திலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டாள் போல.

"ஊசியா?" என்றாள். "எங்கண்ணன் செத்த வருஷத்துல மூஞ்சிக்கு ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"ஆமா அம்மிணி."

கையை எடுத்துக்கொண்டாள். வேனில் ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். வேன் திரும்பி இறங்கிப் போயிற்று. அக்கா வாசலில் நின்றார். பிறகு உள்ளே போய் எச்சில் இலைகளை எடுக்க ஆரம்பித்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உங்க வாய்ல என்ன கொள்ளியா வெச்சிருக்கு? ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?"

"அவ எனக்காக அழுவுறா புள்ள. நான் பண்ணாததுக்கு அவ அழுவலாமா?"

"அவங்களே வந்து ஒட்டுனாங்க. வருஷம் பூரா அதுக்குத்தான காத்துட்டு இருந்தீங்க?"

"ஆமா," என்றார். இலையை மடித்தார். "அவ தொட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

நான் குனிந்து பக்கத்து இலையை எடுத்தேன்.

அடுத்த வாரம் கோயமுத்தூர். கையில் ஒரு துளி போட்டு உட்கார வைத்தார்கள். தடிக்கவில்லை, சிவக்கவில்லை. பெரிய டாக்டர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். கரைக்கிற மருந்தைக் கட்டி கட்டியாகப் பார்த்துக் குத்தினார்கள். அக்கா ஆடாமல் அசையாமல் படுத்திருந்தார். கண்ணாடியைக் கொடுத்தபோது அவர் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன். கட்டி அமுங்கத் தொடங்கியிருந்தது. பழைய குழி திரும்பி வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் வீங்கும், கொஞ்சம் சிவக்கும், இரண்டு நாளில் அடங்கிவிடும், வேறு ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னாள். நான் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். தைலம், ஆவி, ஒத்தடம் என்று பேச்செடுத்தால் கழுத்தைத் திருகுவேன் என்று அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

திரும்பும்போது மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னலோரம். அவருடைய போன் அடித்தது. புது நம்பர். பஸ் இரைச்சலில் கேட்காது என்று அவர் போனைச் சத்தமாக வைத்துக் காதோடு பிடித்தார். எனக்கும் கேட்டது.

"அண்ணி, நாந்தான்."

"சொல்லு அம்மிணி."

பஸ் ஹாரன் அடித்து ஒரு வளைவு திரும்பியது.

"அந்தக் கட்டி," என்றாள் அவள். "நான் தடவுனனே அண்ணி. அப்ப வலிச்சுதுங்களா?"

ஒரு வருஷமாக எத்தனை பேர் அந்தக் கண்ணைப் பார்த்து எத்தனை கேட்டார்கள். அழுதீங்களா, தூங்கலீங்களா, பூச்சியா, சளியா. வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

"வலிச்சுது அம்மிணி," என்றார் அக்கா. "நொம்ப வலிச்சுது."

"சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீ தடவுனதால சொல்லல."

பர்லியார்ப் பக்கம் சிக்னல் போய்விட்டது. அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தார். நான் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன், அவர் வாங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஊசி குத்திய இடத்தில் நின்று, பிறகு கன்னத்தில் வழிந்து, தாடையில் சொட்டியது. முகத்தில் வேறு ஒரு அசைவும் இல்லை. முகத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா."

"மருந்து புள்ள," என்றார். "கண்ணுல தண்ணி வரும்னு டாக்டர் சொன்னாங்கல்ல."

குன்னூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அது நிற்கவில்லை. டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் இரண்டு தடவை கேட்டவள், எனக்குத் தெரியும்.

"ஆமாங்க்கா, சொன்னாங்க" என்றேன்.